மேக்னம் துப்பாக்கிக்கு ஒரு பூண்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு துப்பாக்கி ரிப்பேர் கடை இருந்ததாம். அந்தக் கடைப் படி ஏறினவர்களில் தோள் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னவர் ஒருவர்கூட இல்லையாம். ஊர் அரியலூர். கடை, ஸ்டேஷன் ரோட்டில் அரிசி மண்டிக்கும் லாடம் அடிக்கிற கொட்டகைக்கும் நடுவில். முதலாளி இப்ராகிம் ராவுத்தர். மரை போடவும், அரம் பிடிக்கவும், இங்கிலீஷ் கேட்லாக்கைப் படித்து அர்த்தம் சொல்லவும் அவர் வைத்திருந்த ஆள் நான்.

தையல் கடையில் நின்றவர்களுக்கும் செருப்புக் கடையில் குனிந்தவர்களுக்கும் நான் சொல்லப்போவது புதிதில்லை. சட்டை சுருங்கிவிட்டது என்று சண்டைக்கு வருகிறவரிடம், வயிறு பெருத்துவிட்டது என்று உங்களால் சொல்ல முடிந்ததா? எங்கள் தொழிலில் வயிற்றுக்குப் பதில், துப்பாக்கி உதைத்த தோள். அவ்வளவுதான் வித்தியாசம்.

உலகச் சண்டை முடிந்து வெள்ளைக்காரத் துரைமார்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம். மூட்டையில் அடங்காததையெல்லாம் நம்மவர்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். அப்படிக் கட்டியவற்றில் ஒன்று மேக்னம் ரைஃபிள். ஆப்பிரிக்காவில் யானையையும் காட்டெருமையையும் நிறுத்துவதற்காகச் செய்த சாமான். எங்கள் பக்கத்து முந்திரித் தோப்புகளில் அதற்கு எதிரே வந்து நின்ற ஆகப் பெரிய மிருகம் காட்டுப்பன்றி. பெரும்பாலும் முயல். அந்தத் தோட்டா பட்ட முயலில் குழம்புக்கு மிஞ்சுவது காது மட்டும்தான்.

குறி கோணல்

ஆண்டிமடத்துக்கு அந்தண்டை ஒரு ஊர்ப் பெரிய பண்ணையார் வில்வண்டியில் வந்து இறங்கினார். ஊர்ப் பேர் வேண்டாம். அவர் இன்னும் எங்களிடம்தான் தோட்டா வாங்குகிறார். அவர் வீட்டுக் குடைக்காரர் மாரிமுத்து, துணியில் சுற்றிய மேக்னத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் கிடத்தினார். குறி கோணலாக இருக்கிறது, துரை ஏமாற்றிவிட்டான், நிமிர்த்திக் கொடு என்றார் பண்ணையார்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அவர் ஊரில் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், கரிநாளன்று, பாரிவேட்டை. சாமி புறப்பட்டுத் தோப்பு ஓரம் வந்து நிற்கும். எட்டத்தில் கம்பத்தில் ஒரு பூசணிக்காய் கட்டியிருக்கும். பெரிய பண்ணை அதைச் சுட்டு உடைக்க வேண்டும். அதுதான் முதல் வேட்டு. உடைந்த பிறகுதான் ஊர்ச் சனம் கம்பும் நாயுமாகக் காட்டில் இறங்கலாம். போன பொங்கலுக்கு இவர் புது ரைஃபிளோடு போய் நின்றார். வெடித்தது. பூசணிக்காய் அசையவில்லை; இவர்தான் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். பங்காளி சின்னப் பண்ணை தன் பழைய இரட்டைக் குழலால் காயை உடைத்துச் சாமியைத் திருப்பி அனுப்பினார். இந்த வருஷமும் தவறினால் முதல் வேட்டு சின்னப் பண்ணை வீட்டுக்கு என்று ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். அப்பன் பாட்டன் நின்ற இடத்தில் தம்பிமுறைக்காரன் நிற்பதைப் பார்ப்பதற்குப் பதில் ஊரைவிட்டே போய்விடலாம் என்பது பண்ணையார் கட்சி. பழைய துப்பாக்கியையே எடுத்துக்கொண்டு போகலாமே என்று ராவுத்தர் கேட்டுப் பார்த்தார். துரை துப்பாக்கி வாங்கினதாகத் தாசில்தார் வரைக்கும் சொல்லியாகிவிட்டதாம்.

ஏரிக்கரையில் கொண்டுபோய் நான் சுட்டுப் பார்த்தேன். பனைமரத்தில் வைத்த குறியிலேயே குண்டு பாய்ந்தது. என் தோள்தான் வைத்த இடத்தில் இல்லை. மத்தியானம் சோற்றைப் பிசையக் கை எழும்பவில்லை. எனக்குப் பிறவியிலேயே சின்னக் குரல். அந்தக் குரலில், "ஐயா, குறி நேராத்தான் இருக்கு, உதைதான் கொஞ்சம் கூடுதல்" என்றேன். பண்ணையார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உதையா? வண்டிமாட்டு உதையெல்லாம் வாங்கி வளந்த ஒடம்பு இது. நீ குறியப் பாருடா தம்பி."

உப்பு ஒத்தடம்

வாடிக்கையாளர் கோணல் என்றால் கோணல்தான். ராவுத்தர் என்னைக் கரியில் ஓடுகிற பஸ்ஸில் ஏற்றி, அவர் ஊருக்கே போய்க் குறியை 'நிமிர்த்தி' வரச் சொன்னார். நேராக இருப்பதை நிமிர்த்துவது சுலபமான வேலையில்லை. குழல்மேல் குறி பார்க்கிற முள்ளைக் கழற்றி, துடைத்து, இருந்த மாதிரியே மாட்டி, நெற்றி வியர்வையை நாலு பேர் பார்க்கத் துடைத்துக்கொள்ள வேண்டும். செய்தேன். பண்ணையார் கொல்லையில் நின்று இரண்டு தோட்டா சுட்டார். ஒன்று வைக்கோல் போருக்குப் போனது. இன்னொன்று போன இடம் இன்றுவரை தெரியவில்லை. இன்னும் கோணல் தீரவில்லை என்று சொல்லிவிட்டு, தோளைத் தொடாமல் தொட்டுக்கொண்டு உள்ளே போனார்.

பண்ணையார் வீட்டம்மா எனக்கு மோர் கொண்டுவந்தார். உள்ளே அடுப்பில் உப்பு வறுபடுகிற சத்தம். துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்க என்று நான் கேட்காமலே சொன்னார். தோள் நாவல்பழ நிறத்தில் கன்றிக் கிடக்கிறதாம். சட்டை போட்டுத்தான் குளிக்கிறாராம். மாடி ஜன்னலிலிருந்து அவர் சுடுவதைத் தினமும் பார்க்கிறவர் அந்த அம்மா. தூணுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"குறியெல்லாம் ஒண்ணும் கோணலில்ல தம்பி. வெடிக்கிறதுக்கு மின்னாடியே கண்ண இறுக்க மூடிக்கிறாரு. நான் சொன்னேன்னு சொல்லிப்புடாத, அவருக்கு ஒத்தடம் நாந்தான் குடுக்கணும்."

பூண்

ரயில்வே இஞ்சினியர் துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன கேட்லாக் ஒன்று எங்கள் கடையில் எண்ணெய்த் துணிகளுக்கு அடியில் கிடந்தது. அதில் ஒரு படம். விரல் நீளத்துக்கு ஒரு எஃகுக் குழாய். இரண்டு பக்கமும் பட்டை பட்டையாகத் துளை. துப்பாக்கிக் குழலின் வாயில் மரை போட்டு மாட்டிக்கொள்ள வேண்டும். குண்டு நேராகப் போய்விடும். அதைத் துரத்திக்கொண்டு வருகிற புகையும் காற்றும் பக்கத்துத் துளைகளில் திரும்பும்போது துப்பாக்கியை முன்னால் இழுக்கும். அந்த அளவுக்குத் தோளில் உதை குறையும். மஸில் பிரேக் என்று பேர். படித்துச் சொன்னேன். நம் கடைசல் பட்டறையிலேயே செய்துவிடலாம் என்றார் ராவுத்தர்.

செய்வது பெரிதில்லை. வலியே இல்லாதவரிடம் வலி மருந்தை எப்படி விற்பது? ராவுத்தர் தாடியை நீவிக்கொண்டு ஒருநாள் முழுக்க யோசித்தார். மறுவாரம் பண்ணையார் வந்தபோது உதை என்ற பேச்சையே எடுக்கவில்லை. கோவில் யானைக்குக் கொம்பில் பூண் போடுகிறோம், உலக்கைக்குப் பூண் போடுகிறோம், இவ்வளவு பெரிய துப்பாக்கி மூளியாக நிற்கலாமா என்று ஆரம்பித்தார். மாஷா அல்லா, இதற்கு மட்டும் ஒரு பூண் போட்டுவிட்டால் திருச்சிராப்பள்ளி வரைக்கும் இப்படி ஒன்று கிடையாது என்றார். பண்ணையார் படத்தைத் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கேட்டது ஒரே கேள்வி.

"சின்னப் பண்ணையோட துப்பாக்கிக்கு இது ஏறாதுல்ல, ராவுத்தரே?"

ஏரிக்கரையில்

பூண் தயாரானது. நானே மரை வெட்டி நானே மாட்டினேன். குண்டு உரசாமல் போகிறதா என்று பார்ப்பதற்காகப் பண்ணையாருக்குப் பக்கவாட்டில், ஒரு எட்டு முன்னால், குழல் வாயைக் கவனித்துக்கொண்டு நின்றேன். அந்த இடத்தில் நிற்கலாம் என்று கேட்லாக்கில் எழுதியிருக்கவில்லை. நிற்கக்கூடாது என்றும் எழுதியிருக்கவில்லை.

வெடித்தது. யாரோ அகலமான கையால் என் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. ஏரிக்கரை மண் எழும்பி வாயில் விழுந்தது. அப்புறம் உலகம் முழுக்க ஒரே ஒரு சில்வண்டு. அந்தப் புகைக்குள் பண்ணையார் நின்றார், நிஜமாகவே நின்றார், இரண்டு காலிலும். அவர் கண் திறந்திருந்தது. தான் சுட்ட குண்டு எங்கே போகிறது என்பதை வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றைக்குத்தான் பார்த்திருக்கிறார். பனைமரத்தில் பட்டை தெறித்த இடத்தைத் திருவிழாவில் காணாமல்போய்க் கிடைத்த பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் நாலு சுட்டார். நாலும் மரத்தில்.

ராவுத்தர் என் காதருகே வந்து வாயசைத்தார். உதை எங்கேயும் போகவில்லை, பக்கத்து ஆளுக்கு இடம் மாறியிருக்கிறது என்று அவர் சொன்னது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பண்ணையாரிடம் போய், பக்கத்தில் நிற்கிறவர்களுக்குப் பலமாகத் தாக்குகிறது ஐயா என்றேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு. அவர் சொன்னதை ராவுத்தர் எனக்காகத் திரும்பக் கத்தினார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலயேப்பா."

கெம்புக் கல்

துப்பாக்கியைப் பூணோடு கொண்டுபோன பண்ணையார், பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் முகம் கறுத்துத் திரும்பி வந்தார். கூடவே அவர் ஊரில் நகை செய்கிற பத்தரும் வந்தார். பழையபடி உதைக்கிறது என்று சொல்ல முடியாதல்லவா, 'பூண் ஒழுங்காகப் பூணாக இல்லை' என்றார். துணியைப் பிரித்தோம். துளை ஒன்றையும் காணோம். ஒவ்வொரு துளையிலும் ஒரு சிவப்புக் கெம்புக் கல், அரக்கு வைத்து, வெள்ளிக் கட்டோடு. ஓட்டை விழுந்த சாமான் வீட்டுக்கு ஆகாது என்று யாரோ சொல்ல, வீட்டம்மாவின் பழைய அட்டிகையைப் பிரித்து அடைத்திருக்கிறார்கள். பார்க்கச் சாமி கிரீடம் மாதிரித்தான் இருந்தது.

ஒரு தடவை சுட்டும் பார்த்திருக்கிறார்கள். நல்ல வேளையாகக் கொல்லையில் ஆள் இல்லை. இந்தப் பக்கத்துக் கற்கள் வேப்பமரத்திலும் அந்தப் பக்கத்துக் கற்கள் மாட்டுக்கொட்டகைக் கூரையிலும் இருந்தனவாம். பத்தர் ஏணி போட்டு ஏறி ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து மறுபடியும் பதித்துக் கொண்டுவந்திருக்கிறார். ராவுத்தர் தலையில் கைவைத்து அல்லாவைக் கூப்பிட்டார். துளை வழியாகத்தான் காற்று போக வேண்டும், அடைத்தால் உதை அத்தனையும் பழையபடி பின்னால்தான் வரும் என்று சொல்லிக்கொண்டே நான் அரக்கைச் சூடுகாட்டி எடுக்க ஆரம்பித்தேன். பண்ணையார் தானே கை நீட்டித் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டார். அவர் தோள் ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருந்தது. பத்தர்தான் ஒவ்வொரு துளை திறக்கும்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தோடு போடுற காதத் தவிர, ஓட்டையோட ஒரு சாமான நான் கையால தொட்டதில்லீங்க. நீங்க என்ன வேணா பண்ணிக்குங்க."

அவரவர் இடம்

கரிநாளுக்கு முந்தின நாள் அந்த ஊருக்குப் போனேன். பூண் மாட்டின துப்பாக்கிக்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்கக்கூடாது, எல்லாரும் நன்றாகப் பின்னால் தள்ளி நிற்க வேண்டும் என்று சொல்வதற்காக. ஏதோ அகராதியில் இல்லாத சொல்லைச் சொன்னது போல எல்லாரும் பார்த்தார்கள். முதல் வேட்டு போடுகிறவருக்கு வலது பக்கம் குடைக்காரர். இடது பக்கம் விபூதித் தட்டோடு பூசாரி. அதற்கு அடுத்து, தோட்டாப் பெட்டியை ஏந்தி நிற்கும் உரிமை சின்னப் பண்ணை வீட்டுக்கு. யார் யாருக்கு எந்த இடம் என்று பல தலைமுறைக்கு முன்னால் அடிதடி நடந்து முடிவானதாம். அதில் ஒரு சாண் நகர்த்த வந்திருக்கிறேன் நான், அரியலூர்க் கடைப் பையன், இந்தக் குரலை வைத்துக்கொண்டு.

பூசாரியிடம் சொன்னேன். சாமிக்கு முன்னால் நிற்கிறவனுக்கு ஒன்றும் ஆகாது என்றார். மாரிமுத்துவிடம் சொன்னேன். பின்னால் நின்றால் குடை நிழல் ஐயா மேல் எப்படி விழும் என்று கேட்டார், நியாயமான கேள்வி. பண்ணையாரிடமே சொன்னேன். பக்கத்தில் ஆள் இல்லாமல் நின்று சுட நான் என்ன தோப்புக் காவல்காரனா என்றார். கடைசியாகச் சின்னப் பண்ணையிடம் போனேன். ஒல்லியான மனிதர், மரியாதையாகத்தான் பேசினார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார்.

"என்னப் பின்னால தள்ளணும், அதுக்கு அரியலூர்லேர்ந்து ஆள் வுட்டுருக்காரு. போயிச் சொல்லுங்க தம்பி, நாளைக்கு இன்னும் ஒரு எட்டு கிட்டக்கவே நிக்கிறேன்னு."

முதல் வேட்டு

சொன்னபடியே கிட்டத்தில் நின்றார். சாமி வந்தது, மேளம் முழங்கியது, குடை விரிந்தது. ராவுத்தரும் நானும் ஒரு முந்திரி மரத்துக்குப் பின்னால், காதில் பஞ்சோடு, தொழிலுக்கு ஏற்ற பணிவோடு நின்றோம். பண்ணையார் துப்பாக்கியை ஏற்றினார். அவர் நெற்றியில் வியர்வை. கண்ணை மூடிவிடுவாரோ என்று எட்டிப் பார்த்தேன். மூடவில்லை. பூசணிக்காய் கம்பத்திலிருந்து காணாமல் போனது. விதைகூட ஒன்றும் அகப்படவில்லை. பண்ணையார் நின்ற இடத்தில் நின்றார்.

மற்றவர்கள்தான் நின்ற இடத்தில் இல்லை. குடை உள்புறம் வெளியாகத் திரும்பி, துணி கிழிந்து, மாரிமுத்துவின் கையில் வெறும் கம்பியாக நின்றது. தட்டில் இருந்த விபூதி முழுக்கப் பூசாரியின் முகத்துக்கு மாறியிருந்தது. கண் இரண்டு மட்டும் அதில் விழித்தன. சின்னப் பண்ணை தோட்டாப் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குந்தியிருந்தார். மேளக்காரர் அடித்தார், தனக்கே கேட்கவில்லை, நிறுத்திவிட்டார். நாய்கள் ஆண்டிமடம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வலிக்காமல் சுடுவதன் ருசி அவருக்கு அப்போதுதான் பிடிபட்டிருந்தது. சனம் வாயடைத்து நின்றதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார். சாமிக்கு ஒன்று என்று சொல்லிச் சுட்டார். ஊருக்கு ஒன்று என்று சொல்லிச் சுட்டார். சாமி தூக்கிகள் சாமியை வந்த வழியே திருப்பினார்கள். பூசாரி அதன் பின்னாலேயே போனார். கம்பு வைத்திருந்தவர்கள், இனி இந்தக் காட்டில் எந்த முயல் உட்கார்ந்திருக்கப்போகிறது என்று பேசிக்கொண்டே, அதாவது ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டே, கலைந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் எட்ட நின்றபடியே கையைத் தூக்கிக் காட்டினார்கள்: முதல் வேட்டு பெரிய பண்ணைக்குத்தான், இந்தத் தலைமுறைக்குப் பேச்சில்லை. சொல்லிவிட்டு அவர்களும் நடந்தார்கள். சின்னப் பண்ணை எழுந்து, வேட்டியில் மண்ணைத் தட்டிவிட்டு, கீழே கிடந்த தோட்டாப் பெட்டியை எடுத்துப் பண்ணையார் காலடியில் வைத்தார். "முதல் வேட்டு ஒனக்கே இருக்கட்டும்ண்ணே. பக்கத்துல நிக்கிற உரிமையயும் நீயே வச்சுக்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

மிஞ்சியது மாரிமுத்து. பண்ணையார் அவரிடம் ஏதோ சொன்னார், நல்லா இருந்துச்சா என்று கேட்டிருக்க வேண்டும்; வாய் அப்படித்தான் அசைந்தது, முகத்தில் அந்த ஏரிக்கரைச் சிரிப்பு இருந்தது. மாரிமுத்து குடைக் கம்பியை மெதுவாகத் தரையில் சாய்த்துவைத்தார். துண்டை இடுப்பில் கட்டிக் கும்பிட்டார்.

"ஐயா பேசுறது தெரியுதுங்க, கேக்கலீங்க. நான் வூட்டுக்குப் போயிட்டு வரேங்க."

பண்ணையார் ஒரு கையில் ரைஃபிளும் இன்னொரு கையில் குடைக் கம்பியும் கக்கத்தில் தோட்டாப் பெட்டியுமாகத் தோப்பைத் தாண்டித் தனியாக நடந்துபோனதைப் பார்த்த பிறகு எனக்குத் தெரிந்தது இதுதான்: முதல் வேட்டு உரிமையை எங்கள் கடையால் காப்பாற்றிக் கொடுக்க முடிந்தது, அதை நின்று பார்க்க ஆள் செய்து கொடுக்கிற பட்டறைதான் அரியலூரில் இன்னும் வரவில்லை.